மகன் பிழையும் தந்தை பொறுப்பும்

மயிலாப்பூரில் காலை எட்டரை மணி பள்ளிப் பிள்ளைகளின் நேரம். கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளில் பூ விற்பாரும் காய் விற்பாரும் கடை பரப்பி முடித்திருப்பர். கச்சேரி சாலையிலும் லஸ் முனையிலும் பேருந்துகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். அந்த நெரிசலுக்கிடையே, மீசை அரும்பாத சிறுவன் ஒருவன் பின்னே தன் தம்பியை ஏற்றிக்கொண்டு, தந்தையின் ஸ்கூட்டரைச் செலுத்திச் செல்வதைக் காணலாம். தியாகராய நகரின் உஸ்மான் சாலையிலும் அடையாற்றின் லாட்டீஸ் பாலம் சாலையிலும் இக்காட்சி புதியதன்று. காண்பவருள் சிலர் அஞ்சுவர். சிலர் முகம் சுளிப்பர். பெற்றவரோ பெரும்பாலும் பெருமை கொள்வர். 'எட்டாம் வகுப்பிலேயே எங்கள் பையன் வண்டி பழகிவிட்டான்' என்று உறவினரிடம் உரைத்து மகிழும் தந்தையர் பலர்.

அச்சிறுவனது வண்டி, தெருவைக் கடக்கும் ஒரு முதியவர்மேல் மோதிவிட்டது என்று கொள்க. அவர் கால் முறிந்தது. ஒருகால் உயிரே பிரிந்தது. இப்பொழுது விடை கூற வேண்டியவர் யார்? வண்டியைச் செலுத்தியவன் சிறுவன். நன்மை தீமைகளை நிறுத்துப் பார்க்கும் அறிவு அவனுக்கு இன்னும் முதிரவில்லை என்று சட்டமே கருதுகிறது. வீட்டிலிருந்த தந்தையோ வண்டியைத் தொடவும் இல்லை. மகன் செய்த தீங்கிற்குத் தந்தையைத் தண்டித்தல் முறையாகுமா? தண்டியாது விடுதல் இறந்தவர் குடும்பத்திற்கு முறையாகுமா?

இவ்வினாவைக் கேட்டவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது திருவாரூர்ச் சோழன் கதையாகும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அம்மன்னனுக்குச் சிலை உண்டு. திருவாரூரிலோ அவன் கதையைக் காட்டும் கல்தேர் கோயிலின் அருகே நிற்கிறது. கதை யாவரும் அறிந்ததே. எனினும் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் அதனை உரைத்திருக்கும் முறையைச் சிறிது ஊன்றி நோக்குதல் வேண்டும்.

இளவரசன் பரிவாரம் சூழத் தேரேறி வீதியிற் செல்கிறான். பசுவின் இளங்கன்று ஒன்று எவரும் அறியாதபடி துள்ளிப் புகுந்து தேர்க்காலில் அகப்பட்டு மடிகிறது. இளவரசன் நடுங்குகிறான். இதற்குக் கழுவாய் உண்டாயின் தன் தந்தை அறியுமுன் அதனைச் செய்துவிட வேண்டும் என்று அந்தணரை நாடிச் செல்கிறான். தன் பிழையால் தந்தைக்குப் பழி வந்துவிடுமே என்பதுதான் அவனது முதல் அச்சம். இதற்குள் தாய்ப்பசு அரண்மனை வாயிலை அடைந்து ஆராய்ச்சி மணியை அசைத்துவிடுகிறது.

அமைச்சர் கழுவாய் கூறுகின்றனர். அரசன் ஏற்கவில்லை. உயிர்களுக்கு ஐவகையால் அச்சம் வரும் என்றும், அவ்வைந்தையும் நீக்குவதே அரசன் கடமை என்றும் அவன் உரைக்கிறான். பகைவர், கள்வர், கொடிய விலங்குகள் ஆகிய மூன்றும் பின்னே வருவன. முன்னே அவன் வைத்தவை இரண்டு: ஒன்று தன்னால் வரும் அச்சம், மற்றொன்று தன்னைச் சேர்ந்தவரால் வரும் அச்சம். தன் வீட்டார் செய்யும் தீங்கைத் தன் பொறுப்பினின்றும் அவன் விலக்கிக்கொள்ளவில்லை. தண்டனையை நிறைவேற்றுமாறு ஏவப்பட்ட அமைச்சன் அதனைச் செய்ய மாட்டாது தன் உயிரையே விடுகிறான். பின்னர் அரசன் தானே மகனை வீதிக்குக் கொண்டுபோய்த் தேர்க்காலை அவன்மேல் செலுத்துகிறான். இறையருளால் கன்றும் அமைச்சனும் மைந்தனும் உயிர் பெற்றெழுந்தனர் என்பது முடிவு.

இக்கதையில் தண்டம் பெற்றவன் மகன். தந்தை அடைந்தது துயரம் ஒன்றே. இளங்கன்றுகள் திரியும் வீதியில் தேர் செலுத்த அம்மைந்தனை விடுத்தவர் யார், உடன் சென்ற பரிவாரம் என் செய்துகொண்டிருந்தது என்று எவரும் கேட்கவில்லை. புராணத்திற்கு அக்கேள்வி வேண்டுவதன்று; அது வேந்தனின் நடுவுநிலைமையைக் காட்ட எழுந்தது. ஆனால் இக்காலச் சட்டம் முதலில் கேட்பது அக்கேள்வியையே.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்றது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த அத்திருத்தத்தில் '199அ' என்னும் புதிய பிரிவு ஒன்று சேர்ந்தது. பதினெட்டு வயது நிரம்பாத ஒருவன் மோட்டார் வண்டியால் குற்றம் புரிந்தால், அவனுடைய காப்பாளரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அவருக்கு உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு நீக்கப்படும். சிறுவனோ இருபத்தைந்து வயது நிரம்பும் வரை ஓட்டுநர் உரிமம் பெற இயலாது. காப்பாளர் இசைவுடனேயே சிறுவன் வண்டியைச் செலுத்தினான் என்று நீதிமன்றம் முதலில் கொள்ளும். 'எனக்குத் தெரியாது நிகழ்ந்தது' என்றோ, 'தடுக்க வேண்டிய முயற்சி அனைத்தும் செய்தேன்' என்றோ மெய்ப்பிக்கும் சுமை அவருடையது. மெய்ப்பித்தால் அவர் விடுபடுவார். சிறுவன் முறைப்படி பழகுநர் உரிமம் பெற்று, அதற்குரிய வண்டியைச் செலுத்தியிருப்பின் இப்பிரிவு தாக்காது. ஆனால் பதினாறு வயதினருக்கு உரியது 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சின் கொண்ட வண்டி மட்டுமே. இன்று வீடுதோறும் நிற்கும் ஸ்கூட்டர்களோ பெரும்பாலும் நூறுக்கு மேற்பட்டவை. 'ஸ்கூட்டர்தானே' என்று அமைதி கொள்வோர் இதனை அறியார்.

இது புதிய எண்ணமா? அன்று. இந்தியாவில் சிறுவர்க்கெனத் தனிச் சட்டம் முதன்முதல் கண்டது சென்னை மாகாணமே. அது 1920-ஆம் ஆண்டில் நிறைவேறியது. வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. இவற்றிற்கெல்லாம் முன்னோடியாக இங்கிலாந்தில் 1908-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் விளங்கியது. சிறுவனுக்கு விதிக்கும் அபராதத்தைத் தந்தையே செலுத்துமாறு ஆணையிட அச்சட்டம் இடம் தந்தது. ஆயினும், மகனைக் கண்காணிப்பதில் தந்தை தவறவில்லை என்று நீதிபதி கண்டால் அவர் செலுத்த வேண்டுவதில்லை. இன்று வழங்கும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்திலும் பெற்றோரை அபராதம் கட்டச் செய்யும் அதிகாரம் சிறுவர் நீதிக் குழுமத்திற்கு உண்டு. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் எதுவும் குற்றமன்று என்னும் விதியோ 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் தொட்டு இன்றைய புதிய சட்டம் வரை மாறாது வருகிறது.

நட்டஈட்டு வழக்குகளில் பொதுவிதி ஒன்று உண்டு. தந்தை என்னும் உறவு ஒன்றாலேயே ஒருவர் மகனது செயலுக்குப் பொறுப்பாளர் ஆகார். அவரிடத்தே ஒரு தவறு இருத்தல் வேண்டும். இதனை விளக்க இங்கிலாந்து வழக்குகள் இரண்டு போதும். இரண்டும் காற்றுத் துப்பாக்கி பற்றியவை. ஒரு தந்தை தம் பதினைந்து வயது மகனுக்கு அத்தகைய துப்பாக்கி ஒன்று வாங்கித் தந்திருந்தார். அவன் அண்டை வீட்டுச் சன்னலை உடைத்தான். செய்தி அறிந்த பின்னும் தந்தை துப்பாக்கியை மகனிடமே விட்டுவைத்தார். பின்னொரு நாள் அவன் சுட்டதில் மற்றொரு சிறுவனின் கண்ணில் காயம் பட்டது. தந்தையே பொறுப்பு என்று 1916-ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. 1952-ஆம் ஆண்டு வழக்கிலும் ஒரு குழந்தையின் கண்ணே பாழாயிற்று. ஆனால் அத்தந்தை, வீட்டின் நிலவறையிலன்றி வேறெங்கும் சுடலாகாது என்று மகனுக்குக் கட்டளையிட்டிருந்தார், மகனும் வாக்களித்திருந்தான். வாக்கை மீறித் தெருவில் சுட்டது அவன் குற்றம் என்று கூறி, நீதிமன்றம் தந்தையை விடுவித்தது. கண்ணிழந்த குழந்தைக்கு இவ்வேறுபாடு என்ன ஆறுதல் தரும் என்று வினவலாம். வினவுதல் தகும். எனினும் வேறுபாடு வேறுபாடே: முன்னவர் அறிந்தும் வாளாவிருந்தார், பின்னவர் தம்மால் இயன்றதைச் செய்தார்.

பிரெஞ்சு நாட்டார் இத்துணை நுணுக்கம் பாராட்டவில்லை. 1804-ஆம் ஆண்டில் எழுந்த அவர்களுடைய குடியியல் சட்டம், உடன் வாழும் சிறார் விளைக்கும் சேதத்திற்குப் பெற்றோரே ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்று கூறிவிட்டது. கண்காணிப்பில் குறையில்லை என்று காட்டிப் பெற்றோர் தப்புவதற்கிருந்த வழியையும் அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றம் 1997-ஆம் ஆண்டில் அடைத்துவிட்டது. ஆனால் அது பொருளால் ஈடு செய்யும் கடன். சிறைத் தண்டனை அன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவோர் பலர். அடிபட்டவனுக்கு மருத்துவச் செலவு தருதல் ஒன்று. ஒருவரைக் குற்றவாளி என்று சிறையில் அடைத்தல் வேறொன்று.

அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்தில் 2021-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் பதினைந்து வயது மாணவன் ஒருவன் தன் பள்ளியில் சுட்டு நான்கு மாணவர் உயிரிழந்தனர். சில நாட்களுக்கு முன்னரே அத்துப்பாக்கியைத் தந்தை வாங்கியிருந்தார். அன்று காலையில் மாணவன் வரைந்திருந்த கொடிய படத்தைக் கண்டு பள்ளியார் பெற்றோரை அழைத்துக் காட்டினர். அவர்கள் மகனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. வீட்டில் துப்பாக்கி இருப்பதையும் கூறவில்லை. 2024-ஆம் ஆண்டில் தாய் தந்தை இருவரும் குற்றவாளிகள் என முடிவாகி, தனித்தனியே பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறை பெற்றனர். மகன் வாழ்நாள் சிறை பெற்றான். பெற்றோர் தண்டனையால் மகன் தண்டனை குறையவில்லை. அவரவர் குற்றம் அவரவர்க்கே வந்தது.

இந்தியாவை உலுக்கிய நிகழ்ச்சி அதே 2024-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் விடியற்பொழுதில் பூனா நகரில் நடந்தது. பதினேழு வயது மாணவன் செலுத்திய விலையுயர்ந்த வெளிநாட்டுக் கார் மோதி, மோட்டார் சைக்கிளில் சென்ற இளம் பொறியாளர் இருவர் மாண்டனர். மாணவனுக்குச் சில மணி நேரத்தில் பிணை கிடைத்தது. பிணைக்கு விதித்த கட்டளைகளுள் ஒன்று, சாலை விபத்துப் பற்றி முந்நூறு சொற்களில் கட்டுரை எழுதுதல். நாடு கொதித்தது. பிணை ஆணை மாற்றப்பட்டு மாணவன் காப்பகத்திற்கு அனுப்பப்பட்டான். அடுத்த மாதமே பம்பாய் உயர் நீதிமன்றம் அவனை விடுவித்தது. வண்டியைக் கொடுத்தமைக்காகத் தந்தை கைதானார். மது அருந்தியதை மறைக்க மாணவனின் இரத்தத்தை மாற்றி வைத்தனர் என்ற குற்றச்சாட்டின்மேல் தாயும் கைதானார். குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. ஆயினும் சேக்கிழார் காட்டிய தந்தையை நினைந்தவர்க்கு, மகனைக் காக்கப் பெற்றோர் எவ்வளவு தொலைவு செல்வர் என்ற கேள்வி எழாதிருக்காது. அங்கே தந்தை அறியுமுன் கழுவாய் தேடி ஓடியவன் மகன்.

பூனாவைக் கண்டு, 'பெற்றோரைச் சிறையில் இடுக' என்று கூறுவது எளிது. ஆனால் அச்சட்டம் சென்னைக்கும் உரியது. கார் உள்ள வீட்டுக்கே உரியதும் அன்று. மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாயின் கரையோரம் வாழும் ஒரு தாயைக் கருதுக. விடியுமுன் எழுந்து, மாட வீதிகளில் நான்கு வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கப் போகிறாள். கணவன் இல்லை. பதினாறு வயது மகன் பள்ளிக்குப் போனானா, நண்பனுடைய மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்குப் போனானா என்பதை மாலையில்தான் அறிவாள். அவன் ஒருவரை மோதிவிட்டால், காப்பாளர் என்ற முறையில் சட்டத்தின் முன் நிற்பவள் அவள். தனக்குத் தெரியாது என்பதை அவளே மெய்ப்பித்தாக வேண்டும். வழக்கறிஞரை எங்கே தேடுவாள்? கார் நிறுத்த இரண்டு இடமும் காவலாளியும் உள்ள வீட்டின் தந்தையோ, 'நான் ஊரில் இல்லை' என்பதற்கு விமானச் சீட்டைக் காட்டுவார். ஒரே சட்டம் இருவரிடத்தும் ஒரே கேள்வியைக் கேட்கிறது. விடை சொல்லும் வலிமை இருவர்க்கும் ஒன்றாக இல்லை.

ஆதலின் பெற்றோர் என்னும் பெயரைப் பற்றிக்கொண்டு தண்டித்தல் பொருந்தாது. அவர் கையில் இருந்தது யாது, அதனைக் கொண்டு அவர் செய்தது யாது என்று பார்த்தல் வேண்டும். புறநானூற்றில் பொன்முடியார் என்னும் புலவர் பெயரில் ஒரு பாட்டு உண்டு. மகனைப் பெற்று வளர்ப்பவள் தாய், சான்றோனாக்குபவன் தந்தை, வேலை வடித்துத் தருபவன் கொல்லன் என்று கடன்களை அது தனித்தனியே பிரித்து வைக்கிறது. வேந்தனுக்கும் ஒரு கடன் உண்டு. அஃது இன்னதென்பதில் பாட வேறுபாடு இருக்கிறது. நல்லொழுக்கம் தருதல் என்பாரும், விளைநிலம் தருதல் என்பாரும் உளர். எவ்வாறாயினும், ஒரு மகனை உருவாக்கும் பொறுப்பு முழுவதையும் பழந்தமிழர் ஒருவர் தலையில் ஏற்றவில்லை. வேல் தருவதைத் தனிக் கடனாக எண்ணியதும் கருதத்தக்கது. கால்வாய்க் கரைத் தாய் அவனைப் பெற்று வளர்த்தாள். வண்டியைத் தந்தவன் வேறொருவன். சட்டத்தில் 'உரிமையாளர்' என்ற சொல்லும் உண்டு. நீதிமன்றம் அச்சொல்லைப் பற்றிச் சென்றால் வேறொரு வீட்டின் கதவைத் தட்ட நேரும்.

உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் தீர்த்த வழக்கு ஒன்று இதற்குத் துணை செய்யும். வயது நிரம்பாத ஒருவன் பிறரொருவருடைய மோட்டார் சைக்கிளை எடுத்துச் சென்று மோதி, ஓர் உயிர் போயிற்று. 'என் வீட்டுக்கு வந்தவன் நான் அறியாமல் சாவியை எடுத்துச் சென்றான்' என்றார் உரிமையாளர். அவ்விடை ஏற்கப்படவில்லை. தம் வண்டி தகாதவர் கையில் சேராமல் காக்கும் பொறுப்பு உரிமையாளருடையதே என்று நீதிமன்றம் கூறியது. காப்பீட்டு நிறுவனம் செலுத்திய தொகையை அவரிடமிருந்தே திரும்பப் பெறலாம் என்றும் ஆயிற்று. அவர் அச்சிறுவனுக்குத் தந்தை அல்லர். உறவைப் பற்றி எழுந்ததன்று அத்தீர்ப்பு. சாவியைப் பற்றி எழுந்தது.

சாவி என்பது சிறு பொருள். மயிலாப்பூர் வீடுகள் பலவற்றில் அது கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்கும். அல்லது தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒரு தட்டில் கிடக்கும். கடைக்குப் போய்க் கால்படி உளுந்து வாங்கி வா என்று தாய் கூறும்பொழுது, மகன் கை தானே அங்குச் செல்லும். தாயும் தடுப்பதில்லை, தெருமுனைதானே, நடந்துபோனால் நேரமாகும். இவ்வாறு நூறு முறை ஒன்றும் நேராது. நூறு முறையும் வீட்டார் கொடுத்த இசைவாகவே எண்ணப்படும். நூற்றோராவது முறை 'எனக்குத் தெரியாது' என்றால், அதனை எந்த நீதிபதி நம்புவார்?

சென்னையில் மோட்டார் விபத்து நட்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் சிறுவழக்கு நீதிமன்றத்தில் இயங்குகிறது. அடிபட்டவரும் இறந்தவரின் உறவினரும் அங்கே காத்திருப்பர். பசு மணியை அசைத்தவுடன் அரசன் இறங்கி வந்த விரைவு அங்கே எதிர்பார்க்கத்தக்கதன்று, ஆண்டுகள் செல்லும். செலுத்தியவனிடம் உரிமம் இல்லையெனின், காப்பீட்டு நிறுவனம் முதலில் பணம் கட்டினும் பின்னர் உரிமையாளரிடம் தண்டிக்கொள்ளும். வாழ்நாள் முழுதும் சேர்த்த வீட்டையே விற்க நேர்ந்தால் விற்க வேண்டியதுதான்.

சிறுவன் பொருட்டுச் சட்டம் வைத்திருக்கும் பகுதி வேறு. பதினாறு வயதில் ஒருவரை மோதியவன், உடன் படித்தவரெல்லாம் உரிமம் பெற்று வேலைக்கு வண்டியில் செல்லும் நாளிலும், ஒன்பது ஆண்டுகள் லஸ் முனையில் பேருந்துக்கு நிற்பான். ஆணியில் தொங்கிய அந்தச் சாவியின் வண்டியோ பதிவு நீங்கி, வீட்டு வாசலில் பன்னிரண்டு மாதம் உறை போர்த்து நிற்கும்.